அட்டையில் இருந்த இரண்டு

ஜூன் 3, செவ்வாய்

பெரிய டாக்டரின் உத்தரவு: "நாயகம், இந்த டேக் வேலை முடியுற வரைக்கும் தினமும் நடக்கிறத எழுதி வையும். பின்னால ஒருத்தரும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லக் கூடாது."

ஆகவே எழுதுகிறேன். மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி, ஐந்து மாதம் சும்மா கிடந்தது. கெட்டியான பிளாஸ்டிக் உறை, அதன் உள்பக்கம் சீட்டு செருக ஒரு சின்னப் பை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.

இருபத்தாறு வருடமாக இந்தத் தென்காசி ஆஸ்பத்திரியின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். பஞ்சிலிருந்து செயற்கை மூட்டு வரை எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இனி நான் சொல்ல வேண்டியதில்லையாம், பொருளே சொல்லுமாம். ஒவ்வொன்றின் மேலும் டேக் என்று ஒரு ஸ்டிக்கர். உள்ளே தலைமுடி கனத்தில் வெள்ளிக் கோடு. தியேட்டர், லேபர் வார்டு, ஊழியர் வாசல் என்று மூன்று இடத்தில் நிலைக்கு மேல் ரீடர் மாட்டியாயிற்று, ஸ்டோர் வாசலுக்கு இன்னும் வரவில்லை. டேக் அதைக் கடந்தால் கம்ப்யூட்டரில் நேரத்தோடு விழும். வார்டு அலமாரிகளுக்குள்ளும் ஒவ்வொரு ரீடர். இருக்க வேண்டியது இருந்தால் ஸ்கிரீனில் பச்சை, குறைந்தால் சிவப்பு.

டேக் கம்பெனியிலிருந்து ஹசீனா என்ற இன்ஜினியர் வந்திருக்கிறார். கடையநல்லூர்க்காரர், முப்பது வயதிருக்கும். "உங்க தலைக்குள்ள இருக்கிறத எல்லாம் இதுக்குள்ள எறக்கணும் சார்" என்றார். இறக்கிவிட்டு என்னை என்ன செய்வார்கள் என்று கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

இன்று ஒரு வேடிக்கை. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காவிட்டால் கர்ப்பப்பைக்குள் வைத்து ஊதுகிற பலூன் ஒன்று உண்டு. லேபர் வார்டில் எப்போதும் இரண்டு இருக்க வேண்டும். அதன் பொட்டலம் ஈயத்தாள். டேக் ஒட்டினால் ரீடர் எடுக்கவேயில்லை. அலமாரியில் இரண்டு இருக்கிறது, ஸ்கிரீன் சிவப்பாக முழிக்கிறது.

ஹசீனா சிரித்தார். "ஈயத்தாள், எஃகு, தண்ணி, இது மூணும் இதுக்குச் சுவர் சார். இந்தா, உங்க கேரியர் பக்கத்துல ஒரு டேக் வச்சுப் பாப்போமா?" வடிவு கொடுத்துவிட்ட நாலடுக்குக் கேரியரைப் பையிலிருந்து எடுத்து ஒரு டேகை அதன் மேல் சாய்த்தார். ரீடர் எடுக்கவில்லை. என் மனைவியின் சமையலுக்கு இப்படி ஒரு சக்தி இருப்பது இன்றுதான் தெரிந்தது.

ஈயத்தாளுக்கென்று தடித்த டேக் சென்னையிலிருந்து வர மூன்று வாரமாகும். அதுவரை சாதா டேக் இரண்டையும் ஓர் அட்டையில் ஒட்டி, அட்டையை இரண்டு பொட்டலத்தோடும் நூலால் கட்டிவிடலாம் என்று ஏற்பாடு. நானே கட்டினேன். டேக் எண் 0416, 0417.

"நூலுதான் முக்கியம் சார்" என்றார் ஹசீனா. "அட்டை வேற, சாமான் வேறன்னு ஆகிரக் கூடாது."

ஜூன் 9, திங்கள்

நானூற்று எழுபது டேக் ஒட்டினோம். விரல் நுனியில் பசை. சாரல் ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 11, புதன்

நாளை தரச்சான்றுக் குழு வருகிறது. பெரிய டாக்டர் ஸ்டோருக்கே வந்து நின்றார். "ஸ்கிரீன்ல ஒரு சிவப்பு இருக்கக் கூடாது, நாயகம். ஒண்ணுகூட."

காலையில் திருநெல்வேலி ஏஜெண்ட் வந்திருந்தார். பலூன் கிட் இரண்டுக்கும் ஆகஸ்டில் காலாவதி. இப்போது கொடுத்தால் புதியது மாற்றித் தருவார், விட்டால் அடுத்த மாதம்தான் இந்தப் பக்கம் வருவார். லேபர் வார்டு அலமாரியைத் திறந்து இரண்டையும் எடுத்துக்கொண்டேன். ஏஜெண்ட் கைச்சீட்டு எழுதிக் கொடுத்தார். புதியது சனிக்கிழமை வந்துவிடும்.

எடுத்தால் சிவப்பு விழும். நாளைக்குக் குழு. ஆகவே நூலை வெட்டி, அட்டையை அலமாரியிலேயே வைத்துவிட்டேன். மூன்று நாள் சமாசாரம். போன வருடம் முழுவதும் இரண்டே தடவைதான் அது தேவைப்பட்டது.

லேபர் வார்டுப் பொறுப்பு ஜெபமணி சிஸ்டர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ரவுண்ட்ஸில் இருந்தார். நாளை சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 12, வியாழன்

குழு வந்தது. எல்லாம் பச்சை. கை கொடுத்தார்கள்.

லேபர் வார்டில் ஒரு பெண் இறந்துவிட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

பெயர் செல்லக்கனி. இருபத்தாறு வயது, ஆய்க்குடி. புருஷன் ஆட்டோ ஓட்டுகிறார். மதியம் ஒன்று நாற்பதுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு ஐந்துக்கு ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. ஜெபமணி சிஸ்டர் ஸ்கிரீனைப் பார்த்தார், பலூன் கிட் இரண்டு, பச்சை. அலமாரியில் தேடினார். எல்லாவற்றையும் இறக்கித் தேடினார். பதினோரு நிமிடம் கழித்து, ஆணுறையை டியூப்பில் நூலால் கட்டி, கையாலேயே ஒரு பலூன் செய்து வைத்தார்களாம். அதற்குள் உடம்பில் ரத்தம் இல்லை. மூன்றரைக்குப் போய்விட்டாள்.

அந்த நேரம் நான் குழுவோடு ஸ்டோரில் ஸ்கிரீனைக் காட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஆயா பேச்சியம்மா ஓடி வந்து ஏதோ கேட்டாள். சரியாக நினைவில்லை.

நேற்று மாலை ஐந்து மணிக்கு, வீட்டுக்குப் போகிற வழியில் லேபர் வார்டுக்குப் போய், அந்த அட்டையை எடுத்துக் கேரியர்ப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே கிடந்தால் குழப்பம்தானே. 0416-ஐக் கிழித்துப் போட்டேன். இன்னொன்றையும் கிழிக்கத்தான் எடுத்தேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

புதிய கிட் இரண்டு வந்தது.

ஜூன் 18, புதன்

விசாரணை. பெரிய டாக்டர், வெளியூர் டாக்டர் ஒருவர், நிர்வாக அதிகாரி, மூன்று பேர்.

ஹசீனா பதிவை எடுத்துக் கொடுத்தார். 0416, 0417 இரண்டும் பன்னிரண்டாம் தேதி மாலை நான்கு ஐம்பத்தெட்டு வரை லேபர் வார்டு அலமாரியில் இருந்திருக்கின்றன. பிறகு காணவில்லை. வெளியூர் டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பதற்றத்தில் கண்ணெதிரே இருந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டு, பிறகு பயந்து மறைத்திருக்கிறார்கள் என்றார். ஒரே அர்த்தம்தான் வருகிறதாம்.

ஜெபமணி சிஸ்டர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "நான் மறைக்கல டாக்டர். ஆனா அலமாரியில இருந்துச்சா இல்லையான்னு கேட்டா... மெஷினு இருந்துச்சுன்னு சொல்லுதே. ரெண்டு இருக்குன்னு அது காட்டலேன்னா நான் அப்பமே கையால கட்டியிருப்பேன். ரெண்டு நிமிஷ வேல."

என்னிடம் கேட்டார்கள். "ஸ்கிரீனில் இரண்டு இருந்தது சார்" என்றேன். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கிரீனில் இரண்டு இருந்தது.

சிஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முடிவு ஜூலை கடைசியில். நர்சிங் கவுன்சிலுக்கு எழுதினால் அவருடைய பதிவே போய்விடும் என்கிறார்கள். இருபத்தொன்பது வருடம். என் மகள் ஆவுடையைப் பிரசவ அறையிலிருந்து தூக்கி வந்து என் கையில் கொடுத்ததும் அவர்தான்.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டில் சண்டை. சனிக்கிழமை தூத்துக்குடியில் ஆவுடைக்கு வளைகாப்பு. முடிந்ததும் பெண்ணைக் கூட்டி வர வேண்டும், தலைப்பிரசவம் தாய்வீட்டில். வடிவு அறையெல்லாம் சுத்தம் செய்து, வெந்நீருக்குப் புது அண்டாவும் வாங்கி வைத்துவிட்டாள்.

"பிரசவம் அங்கேயே நடக்கட்டும்" என்றேன்.

வடிவுக்குப் புரியவில்லை. "என்ன பேச்சு பேசுதிய? நாலு பேரு நம்மள என்ன நெனைப்பாக? நம்ம ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளி இருக்கு, இருபத்தாறு வருஷமா அங்கன கெடக்கிய, சொந்தப் புள்ளைக்கு ஆகாதா?"

"ஆகாது."

"ஏன்?"

"ஜெபமணி சிஸ்டர் இல்லல்லா" என்றேன். வடிவு அண்டாவை எடுத்துப் பரணில் போட்டாள்.

ஜூலை 2, புதன்

வடிவு நேற்று சாயங்காலம் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள், பிரசவம் முடியும்வரை அங்கேதான். வளைகாப்பு முடிந்து வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறாள். மத்தியானத்துக்கு இனி ஓட்டல் பொட்டலம். வாழை இலையில் சூடாகத்தான் இருக்கிறது, பாதியை மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

காலை பத்து மணிக்கு ஹசீனா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். காணாமல் போன டேக் எங்காவது தட்டுப்பட்டால் அவருக்கு மணியடிக்கும்படி வைத்திருந்தாராம்.

"சார், 0417 உசுரோட இருக்கு. நேத்து காலையில எட்டு அம்பதுக்கு ஊழியர் வாசல். மத்தியானம் லேபர் வார்டு. சாயங்காலம் திரும்ப ஊழியர் வாசல். இன்னைக்கும் எட்டு நாப்பத்தெட்டுக்கு வந்துட்டு."

"மெஷின் கோளாறாக இருக்கும்" என்றேன்.

"மெஷினு இல்லாததக் காட்டாது சார்."

கையில் இருந்த பஞ்சுப் பொட்டலத்தைத் தப்பான அலமாரியில் வைத்ததை அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஜூலை 5, சனி

இன்றும்.

ஜூலை 9, புதன்

விஷயம் ஆஸ்பத்திரி முழுவதும் பரவிவிட்டது. லேபர் வார்டு வாசலில் ரீடருக்குக் கீழே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்குகின்றன. பேச்சியம்மா கட்டினாளாம். ஸ்டோருக்குப் பஞ்சு வாங்க வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அது செல்லக்கனிதான் அண்ணாச்சி. பிள்ளப்பேத்துல போனவ இசக்கியாத்தான வருவா. தனக்குக் கெடைக்காதத கையில எடுத்துக்கிட்டு வாரா. தெனமும் மத்தியானம் வார்டு வாசல்ல வந்து நிக்காளாம். உள்ள வர மாட்டேங்காளாம். பிள்ளயத் தேடுதா போல."

இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை நான். பேச்சியம்மா போன பிறகு ஸ்டோர்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஓர் அலமாரிக்குப் பின்னால் யாரோ பொட்டலங்களை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பது போல ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். சாரல்தான், ஜன்னல் தகரத்தில்.

நான் அந்த வார்டுப் பக்கமே போவதில்லை. சாப்பாடு முடிந்தால் நேராக ஸ்டோர்.

ஜூலை 14, திங்கள்

ஹசீனா ஒரு தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். 0417 போன இடங்கள். பார்த்து எழுதுகிறேன்.

2ஆம் தேதி, லேபர் வார்டு வாசல், 1.20 முதல் 1.26 வரை.
3ஆம் தேதி, 1.19 முதல் 1.27 வரை.
4ஆம் தேதி, 1.21 முதல் 1.26 வரை.
5, 7, 8, 9, 10, 11, 12. எல்லா நாளும் அப்படியே. ஞாயிறு இல்லை.

ஒன்பதாம் தேதி பதினோரு நிமிடம் நின்றிருக்கிறது.

ஒன்பதாம் தேதி நான் இந்த டைரியில் என்ன எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் பார்த்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

ஹசீனா இன்று எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழக்கமாக நின்றுகொண்டேதான் பேசுவார். என் மேஜையில் ஓட்டல் பொட்டலம் இருந்தது.

"அக்கா ஊருல இல்லையா சார்?"

"மகள் பிரசவத்துக்குத் தூத்துக்குடி போயிருக்கா."

"எப்பம் போனாக?"

"ஒண்ணாம் தேதி."

"அதுக்கு மறுநாள்ல இருந்து நீங்க கேரியர் கொண்டு வாரதில்ல."

நான் பொட்டலத்தைப் பிரித்தேன். அவர் இலையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, "முப்பதாம் தேதி முடிவு சொல்லுதாங்க சார். அன்னைக்கு வரைக்கும் உள்ள பதிவு முழுசா நான் குடுத்துதான் ஆகணும்" என்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏன் பெரிய டாக்டரிடம் நேரே போய்ச் சொல்லவில்லை என்று தெரியவில்லை. எனக்கு நாள் கொடுக்கிறார் போல.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் சிற்றாற்றுப் பாலத்துக்குப் போனேன். குற்றாலத்தில் நல்ல மழை, தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரும் அதற்குச் சுவர்தானே. போட்டுவிட்டால் ஒரு ரீடருக்கும் இனி தெரியாது. எலுமிச்சம்பழம் வாடும், பேச்சியம்மா வேறு கதைக்குப் போய்விடுவாள், எனக்கு இன்னும் நான்கு வருடம் சர்வீஸ் ஓடிவிடும்.

டைரியின் உறைக்குள் விரலை விட்டேன். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது. இத்தனை நாள் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று மாலை நானேதான் இதற்குள் செருகினேன். கேரியரோடு ஒரே பையில் கிடந்த வரை ஒரு ரீடரும் இதை எடுக்கவில்லை. ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பின்பக்கம் பசையில் அட்டை நார் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் நின்றேன். ஆற்றில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். சிவப்புச் சேலை. அலச அலசச் சாயம் தண்ணீரில் கலந்து போனது. நிற்கவேயில்லை.

டேகைத் திரும்ப உறைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 23, புதன்

ஆவுடைக்குப் பெண் குழந்தை. காலை பத்தே கால். வடிவு போனில் கூப்பிட்டாள், இருபத்தைந்து நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"ரத்தம் எவ்வளவு போச்சு?" என்றேன்.

"ஆணா பொண்ணான்னு கேக்கல, இதையா கேக்குதிய?"

"சொல்லு. நின்னுட்டா?"

"நின்னுட்டு, நின்னுட்டு. எல்லாம் நல்லாத்தான் இருக்கா. உங்களுக்கு என்ன செய்யுது? ஏன் அழுதிய?"

சந்தோஷத்தில்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

இன்று தடுப்பூசி நாள். பதினொன்றரை மணிக்கு ஸ்டோர் ஜன்னலில் ஒரு ஆள் வந்து நின்றார். காக்கிச் சட்டை, தோளில் துண்டு, துண்டுக்குள் குழந்தை. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஊசி போடுத எடம் எங்கன சார்?" என்றார்.

எழுந்து வெளியே வந்து கூடவே நடந்தேன். நாற்பத்தாறு நாள் குழந்தை. நல்ல கனம் இருக்கும் போல, தோள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார். லேபர் வார்டு வழியாகத்தான் போக வேண்டும். வாசலில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது என்னத்துக்கு சார்?"

"சும்மா, திருஷ்டிக்கு."

அவர் தலையாட்டினார். "அன்னைக்கு இந்த வார்டு நர்சம்மா வெளிய வந்து என் காலப் புடிச்சிட்டு அழுதாவ சார். சாமான் கண்ணுக்கு முன்னாலயே இருந்திருக்கு, நான்தான் பாக்கல, என் கண்ணு அவிஞ்சு போச்சு தம்பின்னு சொல்லி அழுதாவ. விசாரணை முடிஞ்ச அன்னைக்கு வீட்டுக்கே வந்தாவ. எனக்கு அவிய மேல கோவமே வர மாட்டேங்கு. ஆனா இருந்ததத் தேடிப் பாத்திருக்கலாம்லா? நல்லாத் தேடியிருந்தா கெடச்சிருக்கும்லா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். குழந்தை முழித்துக்கொண்டு, தலைக்கு மேலே ரீடரின் சின்ன விளக்கைப் பார்த்தது. என் கையிடுக்கில் டைரி இருந்தது. விளக்கு ஒரு தரம் மின்னியது.

ஜூலை 29, செவ்வாய்

இன்று ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன். பெரிய டாக்டர் சொன்னபடி, பின்னால் ஒருவரும் தெரியாது என்று சொல்லக் கூடாது.

ஜூன் 11 அன்று பலூன் கிட் இரண்டையும் எடுத்தவன் நான். நூலை வெட்டியவன் நான். அலமாரியில் வெறும் அட்டைதான் இருந்தது. ஏஜெண்டின் கைச்சீட்டு தேதியோடு இந்த உறையில் இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி மாலை அட்டையை எடுத்ததும் நான்தான். அதனால்தான் சிஸ்டர் மறைத்தார் என்று முடிவு கட்டினார்கள். அதுவும் தெரிந்து நான் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதம் தினமும் மத்தியானம் இந்த டைரியோடு அந்த வார்டு வாசலில் போய் நின்றது செல்லக்கனி இல்லை, நான்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மறந்துபோய்விட்டது, வேலை நெருக்கடி, குழு. ஆனால் ஜூன் 13 அன்று ஒன்றை எழுதாமல் விட்டேன். ஆயா பேச்சியம்மா ஓடி வந்து ஏதோ கேட்டாள், நினைவில்லை என்று எழுதியிருக்கிறேன். நினைவிருக்கிறது. மணி இரண்டு எட்டு. குழுவிலிருந்த மூன்று பேரும் ஸ்கிரீன் முன்னால் நின்றார்கள். அப்போதுதான் லேபர் வார்டைத் தொட்டுக் காட்டி, "பாருங்கள், எந்த நேரமும் இரண்டு" என்று சொல்லி முடித்திருந்தேன். பேச்சியம்மாவின் சேலையில் ரத்தம் இருந்தது.

"அண்ணாச்சி, பலூனு எங்கன இருக்கு? சிஸ்டர் தேடுதாவ, காணல!"

அந்த நிமிடம் எனக்குத் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கையால் கட்டியிருப்பார். இரண்டு எட்டுக்குக் கட்டியிருந்தால் இன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பது செல்லக்கனியாக இருந்திருக்கலாம்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "அலமாரியில்தான் இருக்கு. நல்லாத் தேடச் சொல்லு."

அவரும் நன்றாகத் தேடினார்.

ஜூலை 30, புதன்

பெரிய டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள். பெஞ்சின் மறுமுனையில் ஜெபமணி சிஸ்டர். யூனிபார்ம் இல்லாமல் அவரை நான் பார்த்ததேயில்லை. சாம்பல் சேலையில் பாதியாகிவிட்டார்.

"மகளுக்குப் பொண்ணாமே அண்ணாச்சி. வடிவு போன்ல சொன்னா. கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும்" என்றார்.

டைரியை நேற்றைய பக்கத்தில் விரித்து அவர் மடியில் வைத்தேன். "படிங்க சிஸ்டர்."

கண்ணாடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். மெதுவாகத்தான் படித்தார். பக்கம் முடிந்ததும் திரும்ப மேலே போய்ப் படித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பம் அங்க இல்லையா?" என்றார்.

"இல்ல."

"நெசமாவே இல்லையா? நான் பாக்காம விடல?"

"நீங்க பாக்காம விடல சிஸ்டர். அங்க ஒண்ணுமே இல்ல."

இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். "நாப்பத்தெட்டு நாளா நான் அந்த அலமாரியத் தெறந்துக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி. கண்ண மூடுனா போதும். ஒவ்வொண்ணா எறக்கி வைக்கேன். ஒவ்வொரு தடவையும் கடைசித் தட்டுல அது இருக்கு. என் கைதான் எட்ட மாட்டேங்கு." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்சநேரம் கழித்து டைரியை மூடி என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பையங்கிட்டயும் நீங்களே போய்ச் சொல்லணும். ஆய்க்குடியில அம்மன் கோயிலுக்கு அடுத்த வீடு."

"போறேன்."

"இன்னைக்கே போகணும்."

"இன்னைக்கே."

ஹசீனா வராந்தாவில் வந்து நிற்கிறார், கையில் பதிவுத் தாள்கள். பெரிய டாக்டர் அறைக்கு ரீடர் கிடையாது, ஆகவே எழுதி வைக்கிறேன். 0417, ஜூலை 30, காலை 10.05, விசாரணை அறை. கொண்டு வந்தவன் கோமதிநாயகம், ஸ்டோர்.

கதவு திறந்துவிட்டது. சிஸ்டரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்துகொண்டேன்.